பிறையை நம்பிப் பரீட்சைக்குப் புறப்பட்டது

உங்களில் மூன்று பேர் வாத்தியார் வேலையை விடாமல் பி.ஏ. படிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். யார் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் முகம் தெரிந்துவிடும். முகம் தெரிந்தால் உங்களுக்காகவும் நான் கவலைப்பட வேண்டிவரும். என் பங்குக் கவலையே எனக்குப் போதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும், பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு நான் ஒருதரம் எழுந்து சட்டையைத் தேடிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

எந்த நோட்ஸ் வாங்குவது, எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் மூன்று தடவை எழுதிப் பி.ஏ. ஆனவன். ஒரு கையில் வேலையையும் மறு கையில் படிப்பையும் பிடித்துக்கொண்டிருக்கிறவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் விழமாட்டான். ஒருவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவேண்டிய இடத்தில் விழுவான். என் இரண்டாவது தடவைக் கதையைச் சொல்கிறேன்; கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் நான்காம் பாரத்தோடு, அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். என் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவர் கால் புண்ணாகிப் படுத்துவிட்டார். மூத்த பிள்ளை நான். படிப்பு நின்றது. மிஷன் ஆரம்பப் பள்ளியில் சின்ன வாத்தியாராகச் சேர்ந்து, டிரெயினிங் முடித்து, அப்புறம் எங்கள் ஊர்த் தோல் முதலாளிகள் கூடி நடத்திய ஹைஸ்கூலில் கீழ்வகுப்பு வாத்தியாரானேன். வேலை பார்த்துக்கொண்டே மெட்ரிகுலேஷன் எழுதினேன், இன்டர்மீடியட் எழுதினேன். அடுத்தது பி.ஏ.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற ஆண்பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்காமல் பி.ஏ. எழுத வேண்டுமானால் அவன் வாத்தியாராக இருக்க வேண்டும். குமாஸ்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது, கணக்குப்பிள்ளைக்குக் கிடையாது. இதை நன்றாகக் கவனியுங்கள். வேலையில் இருந்தால்தான் பரீட்சை. பரீட்சை தேறினால்தான் வேலையில் மேலே போகலாம். வேலைக்கு ஏதாவது வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். என் மாதிரிச் சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடப் பொருத்தமான தூக்குக்கயிறு வேறு யாரும் திரித்துக் கொடுக்க முடியாது.

முதல் தடவை எழுதியபோது சரித்திரத்தில் தேறி, ஆங்கிலத்தில் போய்விட்டது. பரீட்சைக்குச் சென்னைக்குப் போக லீவு எடுத்திருந்தேன். ரிசல்ட் வந்த அன்று பள்ளி மானேஜர் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். மானேஜர் என்றால் முதலாளிகளில் ஒருவர். பெரிய தோல் ஷாப்புக்குச் சொந்தக்காரர். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் நாங்கள் எல்லாரும் அவரைச் சாயபு என்றுதான் அழைப்போம்.

"இன்னா மாஸ்டர், பாஸா?" என்றார்.

"இல்ல சாயபு. இங்கிலீஷ்ல போய்டுச்சு."

"லீவு எடுத்து எழுதினீங்க, ஃபெயிலு. அடுத்த தரம் லீவு எடுக்காம எழுதிப் பாருங்களேன்!"

அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவே அந்த வார்த்தை என் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. லீவு எடுக்காமல் எழுது என்று மானேஜர் சொல்லிவிட்டார். அதன்பிறகு லீவு கேட்டால் சொன்னதை மீறுகிறான் என்று ஆகாதா? அடுத்த வருஷம் தை மாதம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி இன்னொரு செய்தி சொன்னபோது அது இரண்டு மடங்கு கனத்தது.

"நாலாவது பாரத்துக்கு சரித்திரம் எடுக்கறவரு ஜூன்ல போறாரு மாஸ்டர். அந்த எடம் பி.ஏ.வுக்குத்தான். நீங்க இந்த தரம் பாஸ் பண்ணா உங்களுக்கே. இல்லன்னா பட்டணத்துலேருந்து ஆள் இட்டாந்துடுவேன். ஹெட்மாஸ்டர் ரொம்பப் பேஜார் பண்றாரு."

நான் எந்த வகுப்போடு நின்றேனோ அந்த வகுப்பு. அதற்கு நான் வாத்தியார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. படியேறும்போதே கவலை வந்துவிட்டது: எழுது என்றார், லீவு தருகிறேன் என்று சொல்லவில்லையே.

ஆங்கிலம் மட்டும் திரும்ப எழுதினால் போதும். இரண்டு நாள் பரீட்சை, புதனும் வியாழனும். அது நோன்பு மாதம் முடிகிற சமயம். எங்கள் பள்ளிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு வேலைநாள். நான் ஞாயிறு அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டுச் சட்டைக் கசங்கலோடு வகுப்புக்கு ஓடுவேன். ரம்ஜான் பெருநாளுக்கு மூன்று நாள் லீவு விடுவார்கள். செவ்வாய் சாயங்காலம் பிறை தெரிந்தால் புதன் பெருநாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பள்ளி இல்லை. ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் செவ்வாய் மாலை ரயிலேறிப் போய், எழுதிவிட்டு, சனிக்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல வகுப்பில் நிற்கலாம்.

பிறை தெரியாவிட்டால் பெருநாள் வியாழன். புதன் வேலைநாள்.

இந்தக் கணக்கு என் தலையில் விழுந்த நாளிலிருந்து நான் புத்தகத்தை எடுத்தேன் என்று சொல்லமுடியாது. எடுத்தேன், பக்கம் புரண்டது. கண் மட்டும் வானத்தில் இருந்தது. போன மாதப் பிறை என்றைக்குத் தெரிந்தது, எங்கள் ஊரிலா, பக்கத்து வாணியம்பாடியிலா, மேகம் இருந்ததா என்று பார்த்தவரையெல்லாம் கேட்டேன். ஒரு காலண்டரில் புதன் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் வியாழன். முதல் காலண்டரைப் பார்த்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் பள்ளியில் உருது சொல்லித்தருகிற முன்ஷி என்னோடு ஒத்த வயது, வாய்த்துடுக்கு. "மாஸ்டர், நோம்பு நாங்க வெக்கறோம், பிறை நீங்க தேடறீங்க. நல்லாக்குது!" என்பார். நான் காரணம் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவேன்.

காரணம் தெரிந்தது என் மனைவி எஸ்தருக்கு மட்டும். அவளிடம் சொன்னபோது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, சாயபுகிட்ட கேட்டா இன்னா பண்ணுவாரு? அடிப்பாரா?"

"அவருதான் லீவு எடுக்காம எழுதுன்னு சொல்லிட்டாரே."

"அது சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னது."

"உனக்கெப்படித் தெரியும்? நீ பக்கத்துல இருந்தியா?"

"சரி. அப்போ சாயபுகிட்ட போடவேண்டிய மனுவ நெலாகிட்ட போட்டுட்டு உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு நாளும் கேட்கத்தான் போனேன். ஒருநாள் அவர் கோபமாக இருந்தார். ஒருநாள் சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வந்துவிட்டேன். ஒருநாள் தனியாக இருந்தார்; அப்படித் தனியாக இருக்கும்போது கேட்டால் ஏதோ ரகசியம் மாதிரி ஆகிவிடுமே என்று பட்டது. பயந்தவனுக்கு எல்லா நேரமும் நேரம் கெட்ட நேரம்தான். அதை நான் ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் செவ்வாய் வந்தது. பெட்டி கட்டியாயிற்று. சென்னைக்கு எட்டு மணி வண்டி. அதைப் பிடித்தால்தான் காலைப் பரீட்சைக்குப் போய்ச் சேரமுடியும். நோன்பு மாதமானதால் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. எங்கள் ஊரில் பிறை பார்க்கிற இடம் சாயபுவின் தோல் ஷாப்பு மாடி. கீழ்த்தளத்தில் குழிகள், மேல்தளத்தில் பதமான தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள், அதற்கும் மேலே மொட்டைமாடி. ஊரிலேயே அதுதான் உயரம். நானும் ஏறினேன். என்னை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வருஷா வருஷம் வாத்தியார்கள் சிலர் வேடிக்கை பார்க்க வருவதுண்டு.

சூரியன் இறங்கியதும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள். அங்கேயே தொழுதார்கள். தொழுது எழுந்து எல்லாரும் மேற்கு வானத்தைப் பார்த்தார்கள். மலைக்கு மேலே அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம். கண்ணை இடுக்கிக்கொண்டு அதற்குள் துழாவினார்கள். எனக்கு மட்டும் காதுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

மேகம் ஒரு இடத்தில் விலகியது. அங்கே ஒரு வெள்ளைக் கீறல். பதனிட்ட தோலில் நகம் பட்டால் விழுமே, அவ்வளவு மெல்லிசாக.

"அதோ!" என்று கத்திவிட்டேன்.

கையும் நீண்டுவிட்டது. முன்ஷி என் தோளை ஒட்டி நின்று என் விரலோடு விரலாகப் பார்த்தார். "ஆமா! ஆமா, பாத்தேன்!" என்றார். ஷாப்புக் காவல்காரரும் "ஏதோ வெள்ளையா தெரியுது" என்றார். அதற்குள் மேகம் மூடிவிட்டது. சத்தம் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. தெருவில் யாரோ "பிறை தெரிஞ்சிடுச்சு!" என்று கூவுவது மேலே கேட்டது.

பள்ளிவாசல் இமாம் வயதானவர், அவசரமில்லாதவர். "இருங்க, இருங்க" என்றார். என்னைப் பார்த்துத் தன்மையாகச் சொன்னார்: "மாஸ்டர், கோச்சுக்காதீங்க. இந்த விஷயத்துல உங்க சாட்சிய நாங்க எடுத்துக்க முடியாது. எங்காளுங்க ரெண்டு பேரு பாத்தேன்னு சொல்லணும். முன்ஷி, நீ பாத்தியா?"

முன்ஷியின் குரல் இறங்கியது. "பாத்தேன்... மாஸ்டர் காட்டினாரு. பாத்தா மாதிரிதான் இருந்தது."

"காவல்காரரே?"

"மாஸ்டர் காட்டின எடத்துல ஏதோ இருந்துச்சுங்க."

இரண்டு சாட்சியும் என் விரல் நுனியில் தொங்கின. கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. சாயபு எனக்கு எதிரே வந்து நின்றார். கோபமில்லை. என் முகத்தில் எதையோ தேடினார்.

"மாஸ்டர், நீங்க பாத்தீங்களா, இல்ல பாக்கணும்னு இருந்தீங்களா?"

தம்பிமார்களே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நெருக்கடி என்று வேலையில் நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நெருக்கடி இல்லை, வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான். நிஜமான நெருக்கடியில் வேலை எதுவும் இருக்காது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்வதற்கு நேரமும் இருக்காது.

"பாத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யென்று என்னால் இன்றுகூடச் சொல்லமுடியாது. நான் ஒன்றைப் பார்த்தேன். "பாத்தேன்" என்றால் முன்ஷிக்குத் தைரியம் வரும், காவல்காரருக்கும் வரும். இமாம் தலையசைப்பார். நாளை பெருநாள். எனக்குப் பரீட்சை, எனக்கு நான்காம் பாரம். ஆனால் நான் பார்த்தது மேகக்கிழிசலாக இருந்தால்? மாதம் முழுக்கப் பசியும் தாகமும் பொறுத்து நோன்பிருந்த ஜனம், கடைசி நாள் நோன்பை என் வார்த்தையால் விட்டுவிடும். அதைவிட, சாட்சி சொன்னவர் முன்ஷி என்று பழி அவர் தலையில்தான் விழும். தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாற்போல ஒன்று எனக்கு அப்போது தெரிந்தது. இத்தனை பேர் நின்ற மாடியில், பிறை தெரிந்தால் எனக்கு லாபம் என்று இருந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தக் கண்ணால் பார்த்தது எப்படிச் செல்லும்?

"சாயபு, எனக்குத் தெரியல" என்றேன். "பாத்தேன்னுதான் தோணுது. ஆனா நான் பாக்கணும்னு இருந்தவன். என் கண்ண நம்பாதீங்க."

முன்ஷி உடனே இமாமைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அப்போ என்னையும் விட்டுடுங்க ஹஜ்ரத். நெஜத்தச் சொன்னா நான் வானத்தப் பாக்கல, மாஸ்டர் வெரலத்தான் பாத்தேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் சலித்துக்கொண்டார்கள். காவல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்கினார். "இன்னிக்கு பிறை இல்ல. நாளைக்கும் நோம்புதான்" என்று இமாம் சொன்னார். கீழே தெருவில் கூவல் அடங்கி ஒரு பெருமூச்சு மாதிரிக் கேட்டது. கூட்டம் என்னைக் கடந்து படியிறங்கியது. ஒருவர் என் காது கேட்கவே, "வாத்தியாருக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்றார்.

சாயபு இறங்கவில்லை. அதையேதான் அவரும் கேட்டார்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு மாஸ்டர் பிறை?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "பரீட்சை சாயபு. நாளைக்கும் மறுநாளும். பட்டணத்துல. எட்டு மணி வண்டிக்குப் போகணும். பெருநாள் லீவாயிருந்தா..."

"நாளைக்குப் பரீட்சை. லீவு கேக்கல?"

"இல்ல."

"ஏன்? நான் இன்னா புலியா?"

"நீங்கதான் சாயபு சொன்னீங்க, போன வருஷம். லீவு எடுக்காம எழுதுன்னு."

"நானா? எப்போ?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் சொல்லிக்காட்டினேன்: ஆசிரியர் அறை, ரிசல்ட் வந்த நாள், எல்லாரும் சிரித்தது. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி மாஸ்டர்! தமாஷுக்குச் சொன்னத ஒரு வருஷமா சுமந்துனு திரிஞ்சீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு வாய் இல்ல, ஊருக்கே பெருநாள் கொண்டாந்துடப் பாத்தீங்களே!" அப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. "நின்னுனு இருக்கீங்க? போங்க, போய் வண்டியப் புடிங்க! உங்க கிளாஸ முன்ஷி பாத்துப்பாரு."

படியில் நின்றிருந்த முன்ஷி, "நோம்போட ரெண்டு கிளாஸா? மாஸ்டர், நீங்க பாஸ் பண்ணலன்னா என் சாபம் உங்கள சும்மா வுடாது!" என்று கத்தியது என் பின்னாலேயே வந்தது.

எஸ்தர் பெட்டியோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டிருந்தாள். என் மூச்சிரைப்பைப் பார்த்து, "கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"கேட்டாச்சு."

"நீங்களா கேட்டீங்களா?"

"அவரே கேக்க வெச்சாரு."

"நெனச்சேன்" என்று பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

வண்டி வந்து நின்றபோது ஊர்ப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் சரமாக. முன்ஷி பிளாட்பாரத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மாஸ்டர்! வாணியம்பாடில பாத்துட்டாங்க! பெரிய மனுசங்க ரெண்டு பேரு ஜட்கா வண்டி புடிச்சி வந்து இமாம்கிட்ட சத்தியமா சொல்லிட்டாங்க. நாளைக்குப் பெருநாள்! நோம்பும் இல்ல, உங்க கிளாஸும் இல்ல!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நாலடி நடந்தார். "நீங்க பாத்தது நெஜம்தான் மாஸ்டர்! நெஜத்தையே இல்லன்னு சொல்லிட்டீங்களே!"

அவர் சந்தோஷத்தில் சொன்னது அது. நான் அதைச் சென்னை வரை மென்றுகொண்டு போனேன். பிறை இருந்திருக்கிறது. அப்படியானால் கண்ணால் கண்டதை நான் மறுத்துவிட்டேனா? இல்லை, பிறை இருந்தது வேறு, நான் பார்த்தது வேறா? மேகத்துக்குப் பின்னால் அது இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது கிழிசலாகவும் இருக்கலாம். தெரியாது என்று சொன்னது நேர்மையா, அல்லது எல்லாரும் பார்க்கிறார்களே என்ற பயமா? பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாள் கைக்கு வந்தது. முதல் கேள்வியைப் படித்தேன். திரும்பப் படித்தேன். அந்த வாக்கியத்துக்கு நடுவே அந்த வெள்ளைக் கீறல் வந்து நின்றது. மற்றவர்கள் இரண்டாவது விடைத்தாள் வாங்குகிற சத்தம் கேட்டபோதுதான் நான் பேனாவை மைக்கூட்டில் தொட்டேன். மறுநாள் நன்றாக எழுதினேன். ஆனால் முதல் நாளில் போனது போனதுதான். ஆங்கிலத்தில் மறுபடியும் ஃபெயில்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான். மாடியில் நான் சொன்ன பதில் சரி. பிறை இருந்தது என்று பின்னால் தெரிந்ததால் அது தப்பாகிவிடாது. உறுதியில்லாதவன் உறுதியில்லை என்று சொன்னான். அந்த நேரத்தில் அவன் கையில் இருந்தது அவ்வளவுதான். நாளை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து உங்களைக் கேள்வி கேட்கும். பாதி தெரியும், பாதி தெரியாது. எதிரே நாற்பது முகம் உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் காட்டுகிற பக்கம் அத்தனையும் "பார்த்தேன்" என்று சொல்லிவிடும். அப்போது தெரியவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் நினைத்தது பின்னால் உண்மையாகவே இருந்துவிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஆனால் முடிவு எடுத்த பிறகு மனசு அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேனே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. எங்களைப் போன்றவர்களுக்கு மனசு அடங்காது. அடங்காத மனசோடேயே பேனாவைத் தொட்டு எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

ஜூன் மாதம் சாயபு சொன்னபடி பட்டணத்திலிருந்து ஒரு பி.ஏ. வந்தார். நல்ல பிள்ளை, நன்றாகப் பாடம் நடத்துவார். நான்தான் அவருக்கு நான்காம் பாரத்து அறையைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பத்தடி நடையை உங்களில் யாரும் நடக்கவேண்டாம். மழை பிடித்தது. சுண்ணாம்புக் குழிகளும் ஊறுகிற தோலும் சேர்ந்து எங்கள் ஊர் எப்போதும் போல இருந்தது. அவர் ஒருநாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னிடம், "இது எப்ப சார் நிக்கும்?" என்று கேட்டார்.

"எது சார்?" என்றேன்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை; தோல் நாற்றம் என் மூக்குக்கு எப்போதோ பழகிவிட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஹெட்மாஸ்டர் வேறு வழியில்லாமல் நான்காம் பாரத்துச் சரித்திரத்தைத் தற்காலிகமாக என் தலையில் கட்டினார். "இது ஏப்ரல் வரைக்கும்தான். அதுக்குமேல பி.ஏ. இல்லாத ஆள வெச்சு என்னால தாக்காட்ட முடியாது" என்று சொல்லியே கொடுத்தார்.

மார்ச் மாதம் பரீட்சைத் தேதி வந்த அன்றைக்கே நான் தோல் ஷாப்புக்கு நடந்தேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சாயபு உள்ளே நின்றுகொண்டு, சென்னை வியாபாரி ஒருவருக்காகத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஆட்கள். அவர் முகம் கோபமா சந்தோஷமா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டிருக்கமாட்டேன்.

"சாயபு, ஏப்ரல்ல எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும். பரீட்சைக்கு."

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயபு நிமிராமலே சொன்னார்:

"இந்த வருஷம் பெருநாள் முன்னாடியே வந்துட்டுப் போய்டுது மாஸ்டர். பிறை ஒத்தாசைக்கு வராதே?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டின நாக்கோடேயே சொன்னேன்.

"பிறை வேணாம் சாயபு. லீவு குடுங்க."

"குடுத்தாச்சு, போங்க" என்றார். தோலைப் புரட்டுவதைக்கூட அவர் நிறுத்தவில்லை.